விலைப்புள்ளி கேட்பவருக்கும் அறம் உண்டு: தேசூரின் ஒரு வரைபடமும் சில சட்டக் கேள்விகளும்

1917ஆம் ஆண்டு லண்டனிலிருந்து இந்தியா திரும்பிய அண்ணல் அம்பேத்கர், அடுத்த சில ஆண்டுகளில் பம்பாயில் பங்கு முதலீடு குறித்து ஆலோசனை வழங்கும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் பயின்றவர் அவர். அத்துறையில் அவரைவிடத் தகுதி பெற்ற இந்தியர்கள் அன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. தொடக்கத்தில் வாடிக்கையாளர்களும் வந்தார்கள். ஆலோசனை வழங்குபவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் அவர்கள் நின்றுபோனார்கள், நிறுவனமும் மூடப்பட்டது. 1923இல் அவர் பாரிஸ்டராகப் பணி தொடங்கியபோதும், வழக்குகளை ஒப்படைக்க வேண்டிய சொலிசிட்டர்கள் அவரிடமிருந்து விலகியே நின்றார்கள்.

இந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் அம்பேத்கர் பட்ட அவமானங்களின் பட்டியலில் ஒன்றாகவே வாசிக்கிறோம். இதை வேறொரு கோணத்திலும் வாசிக்கலாம். தொழில்முறை வல்லுநர் ஒருவரிடம் பணி தருபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. வழக்கறிஞர், பொறியாளர், கணக்காளர் ஆகியோரின் தொழில் ஒழுக்கத்தைப் பற்றி நம் சட்டங்கள் விரிவாகப் பேசுகின்றன. அவர்களைத் தேடி வருபவரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஒப்பந்தப்புள்ளியும் விலைப்புள்ளியும் கேட்கும் கட்டத்தில்தான் அந்த ஒழுக்கம் முதலில் சோதிக்கப்படுகிறது. முதல் தலைமுறைத் தலித் பட்டதாரிகள் பலர் தோற்கடிக்கப்படுவதும் அங்கேதான்.

தேசூரில் நடந்தது

தேசூர், திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசி வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. ஆரணிப் பட்டு என்ற பெயரில் சந்தைக்குப் போகும் சேலைகளின் உலகத்தோடு பிணைந்த ஊர். இப்பகுதியைச் சேர்ந்த கட்டடப் பொறியாளர் ஒருவர் எங்களைச் சந்திக்க வந்தார். அவர் தலித் பெண். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவருடைய பெயரையும், எதிர்த் தரப்பின் அடையாளத்தையும் இங்கே தவிர்க்கிறோம்.

பட்டு வணிகம் செய்யும் ஒருவர், கீழே கடையும் மேலே தறிக்கூடமும் கொண்ட கட்டடம் ஒன்றைக் கட்ட விரும்பி, நான்கு பொறியாளர்களிடம் விலைப்புள்ளி கேட்டிருக்கிறார். இவரிடம் விலையோடு வரைபடமும் கேட்டார். இவர் மூன்று முறை மனையைப் பார்த்தார். தறிகளின் நீளத்துக்கும் நெசவாளருக்கு வேண்டிய வெளிச்சத்துக்கும் ஏற்ப சன்னல்களை அமைத்தார். தறி ஓடும் அதிர்வைக் கணக்கில் கொண்டு தளத்தைத் திட்டமிட்டார். விரிவான செலவு மதிப்பீட்டையும் தயாரித்துக் கொடுத்தார். இவை அனைத்தும் ஊதியமின்றி நடந்தன. “மத்தவங்க இதைவிடக் குறைச்சுக் குடுத்திருக்காங்கம்மா, நீங்களும் கொஞ்சம் பாருங்க” என்று இரண்டு முறை விலையைக் குறைக்கச் சொன்னார்கள். மூன்றாவது சந்திப்பில் அந்தப் பழைய கேள்வி வந்தது: “ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?” அவர் தம் தெருவைச் சொன்னார். “சரிம்மா, வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்” என்றார்கள். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அவ்வழியே பேருந்தில் போனபோது, தாம் வரைந்த கட்டடம் எழுந்து நிற்பதைக் கண்டார். மாடிப்படி அவர் வைத்த மூலையிலேயே இருந்தது. சன்னல்கள் அவர் கணக்கிட்ட உயரத்தில் இருந்தன. அவருடைய வரைபடத்தின் நகலை வைத்துக்கொண்டு ஒரு மேஸ்திரி வேலையை நடத்திக்கொண்டிருந்தார்.

“அக்கா, வேலை கிடைக்காததுல எனக்கு வருத்தமில்ல. அது என் படம்” என்றார் அவர் எங்களிடம்.

வெட்டி வேலையின் புதிய உருவம்

தமிழில் ‘வெட்டி’ என்ற சொல்லுக்கு இன்று பயனற்றது என்று பொருள் கொள்கிறோம். அதன் பழைய பொருள் கூலியில்லா உழைப்பு. ஊருக்காகச் செய்தே தீர வேண்டிய, கணக்கில் வராத உழைப்பு எந்த மக்களின் தலையில் சுமத்தப்பட்டது என்பதை நாம் அறிவோம். அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் உறுப்பு அதைத் தடை செய்தது. உடலுழைப்பில் தடை செய்யப்பட்ட ஒன்று, அறிவுழைப்பில் ‘சாம்பிள் காட்டுங்கள்’ என்ற பெயரோடு திரும்பி வருகிறது.

பட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும், “ஒரு சேலையை முழுதாக நெய்து கொடுங்கள், பிடித்திருந்தால் கூலி தருகிறேன், பிடிக்காவிட்டாலும் சேலை என்னிடமே இருக்கும்” என்று கேட்பதில்லை. வரைபடம், வழக்குக் குறிப்பு, கணக்குத் திட்டம், மென்பொருள் மாதிரி, சுவரொட்டி வடிவமைப்பு ஆகியவற்றில் மட்டும் இக்கோரிக்கை இயல்பானதாகக் கருதப்படுகிறது.

பணி தருவோரின் முறைகேடுகள் பல வடிவங்களில் வருகின்றன. முதல் வகை, நாம் மேலே கண்ட இலவச உழைப்பு. இரண்டாவது, ஒருவரின் விலையை மற்றவரிடம் காட்டி இருவரையும் கீழே இறக்குவது. மூன்றாவது, யாருக்கு வேலை என்பதை முன்பே முடிவு செய்துவிட்டு, கோப்பில் மூன்று விலைப்புள்ளிகள் இருக்க வேண்டும் என்பதற்காக மற்ற இருவரை அலையவிடுவது. நான்காவது, ஒருவருக்கு மட்டுமே பொருந்தும்படி தகுதி நிபந்தனைகளை எழுதுவது. ஐந்தாவது, விலைகளைத் திறந்து பார்த்த பிறகு, விரும்பியவர் வெல்லவில்லை என்பதால் எல்லாவற்றையும் ரத்து செய்து மறுபடியும் அழைப்பது.

இவை எல்லாச் சாதியினருக்கும் நிகழ்பவைதானே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஜப்பானின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாகி, கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 1993இல் பெற்றவர். ஆந்திரப் பிரதேசத்தின் புதிய தலைநகராகத் திட்டமிடப்பட்ட அமராவதியின் அரசு வளாகத்துக்காக நடந்த பன்னாட்டு வடிவமைப்புப் போட்டியில், 2016இல் அவருடைய நிறுவனம் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வடிவமைப்பின் மீது விமர்சனங்கள் எழுந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்கள் நீக்கப்பட்டு, பிரிட்டனின் ஃபாஸ்டர் நிறுவனம் தேர்வு செய்யப்பட்டது. பணி தந்தவர்களின் நடத்தை வெளிப்படையற்றது, தொழில்முறைக்கு ஒவ்வாதது என்று மாகியின் நிறுவனம் இந்தியாவின் கட்டடக் கலைஞர் மன்றத்துக்குக் கடிதம் எழுதியது.

மாகி எழுதிய கடிதத்தை நாளிதழ்கள் வெளியிட்டன. தேசூர்ப் பொறியாளர் கடிதம் எழுதினால் அடுத்த வேலையும் போகும் என்று அஞ்சினார். முறைகேடு பொதுவானதாக இருக்கலாம். அதைத் தாங்கும் வலிமை பொதுவானதல்ல. மாமாவோ சித்தப்பாவோ ஒப்பந்ததாரராக இருக்கும் குடும்பத்தில் பிறந்தவர் ஒரு வேலையை இழந்தால் மற்றொன்றுக்குப் பரிந்துரை கிடைக்கும். பரிந்துரைக்க யாருமற்ற முதல் தலைமுறையினர், இலவசமாக உழைத்துத்தான் தம் திறமையை மெய்ப்பிக்க முடியும் என்று நம்பவைக்கப்படுகிறார்கள். எல்லா உழைப்பும் முடிந்த பிறகு, ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்வி வருகிறது.

அரசு பணி தரும்போது

பணி தருபவர் அரசாக இருந்தால் சட்டம் ஓரளவு நம் பக்கம் நிற்கிறது. சமத்துவத்தைக் கூறும் 14ஆம் உறுப்பு ஒப்பந்தப்புள்ளிகளுக்கும் பொருந்தும். ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்துவதற்கான ஒப்பந்தப்புள்ளியில், இத்தனை ஆண்டு அனுபவமுள்ள பதிவு பெற்ற உணவக உரிமையாளராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்துவிட்டு, அத்தகுதியற்ற ஒருவருக்கு வேலை தரப்பட்டது. தானே வகுத்த நிபந்தனையை அரசு அமைப்பு மீறக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. எனினும், மனுதாரர் காலம் தாழ்த்தி வந்தது உள்ளிட்ட காரணங்களால் அவருக்கு நிவாரணம் வழங்கவில்லை. சட்டக் கோட்பாடு வென்ற அவ்வழக்கில் மனுதாரர் தோற்றார். தாமதத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது.

1994இல் டாட்டா செல்லுலார் வழக்கும், 2007இல் ஜகதீஷ் மண்டல் வழக்கும் நீதிமன்றத் தலையீட்டின் எல்லையைச் சுருக்கின. நடைமுறையில் தீய நோக்கமோ, ஒருவருக்குச் சாதகம் செய்யும் எண்ணமோ, எந்த நியாயமான அதிகாரியும் எடுக்க மாட்டாத முடிவோ இருந்ததா? பொதுநலன் பாதிக்கப்பட்டதா? இவற்றைத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஆகவே, ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்ற மனு நிற்காது. ‘அறிவித்த நிபந்தனை இது, அவர்கள் செய்தது இது’ என்று காட்டும் மனுவே நிற்கும்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் விதிகளும் உள்ளன. 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு, அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையே குறைந்தது 15 நாள் இடைவெளி வேண்டும். அதற்கு மேற்பட்ட பணிக்கு 30 நாள். இதைக் குறைக்க வேண்டுமெனில் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். விலைக் குறைப்புப் பேச்சு, மிகக் குறைந்த விலை கொடுத்தவரோடு மட்டுமே நடத்தப்படலாம். முடிவால் பாதிக்கப்பட்டவர் 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இங்கே நம் இளைஞர்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழையைச் சுட்ட வேண்டும். முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போட்டு, பதில் வந்த பிறகு மேல்முறையீடு செய்யலாம் என்று காத்திருக்கிறார்கள். தகவல் மனுவுக்கான காலம் 30 நாள். மேல்முறையீட்டுக்கான காலம் 10 நாள். பதில் கைக்கு வரும்போது கதவு மூடப்பட்டிருக்கும். மேல்முறையீட்டை உடனே தாக்கல் செய்து, கோப்புகளை வரவழைக்குமாறு அதிலேயே கோருவதும், தகவல் மனுவை அதனோடு சேர்த்து அனுப்புவதும்தான் சரியான வழி.

தனியார் பணி தரும்போது

தனியாரை 14ஆம் உறுப்பு கட்டுப்படுத்தாது. யாருக்கு வேலை தருவது என்பது அவருடைய விருப்பம் என்றே சட்டம் தொடங்குகிறது. ஆயினும், மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன.

முதலாவது, பதிப்புரிமைச் சட்டம், 1957. கட்டட வரைபடம் அச்சட்டத்தின்படி ஒரு கலைப்படைப்பு; வரைந்தவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தர எழுத்து வடிவிலான ஆவணம் வேண்டும். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. தாளில் உள்ள படத்தைக் கட்டடமாக எழுப்புவதும் நகலெடுப்பதாகவே கொள்ளப்படும். ஆனால், 59ஆம் பிரிவைக் கவனிக்க வேண்டும். கட்டுமானம் தொடங்கிவிட்டால், அதை நிறுத்தும் தடையாணையோ இடிக்கும் ஆணையோ கிடைக்காது. இழப்பீடு மட்டுமே கோர முடியும். தேசூர்ப் பொறியாளர் எங்களிடம் வந்தபோது தளம் போட்டு முடிந்திருந்தது. கடைக்கால் தோண்டும் முன்பே வந்திருந்தால் வழக்கின் வலிமை வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது, நம்பிக்கை மீறல். வெறும் எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த இடைவெளியை 2003ஆம் ஆண்டு ஜீ டெலிஃபிலிம்ஸ் – சண்டயல் வழக்கு ஓரளவு நிரப்பியது. ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான கருத்துருவைச் சண்டயல் நிறுவனம் ஜீ தரப்பிடம் நம்பிக்கையின் பேரில் அளித்தது. பின்னர் அதை ஒத்த தொடர் ஒன்று ஜீ தரப்பிலிருந்தே தயாரானது. பம்பாய் உயர் நீதிமன்றம், நம்பிக்கையின் பேரில் தரப்பட்ட கருத்துருவைத் தன் நலனுக்குப் பயன்படுத்துவதற்கு எதிரான தடையை உறுதி செய்தது. கருத்துரு தெளிவாக உருப்பெற்றிருந்ததும், இரகசியமாகத் தரப்பட்டது என்று காட்ட முடிந்ததும் அங்கே துணை நின்றன.

மூன்றாவது, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 70ஆம் பிரிவு. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி ஒரு வேலையைச் செய்து, மற்றவர் அதன் பயனை அனுபவித்தால், அவர் ஈடு தர வேண்டும். முறையான ஒப்பந்தம் இல்லாத நிலையிலும் இப்பிரிவின்கீழ் பணம் பெறலாம் என்பதை, மேற்கு வங்க அரசுக்கு எதிரான பி.கே. மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு ஏற்றது. ‘நீங்களாகத்தானே படம் போட்டுக் கொடுத்தீர்கள்’ என்ற வாதத்துக்கு நம் பதில் இதுவே: கொடுத்தது வேலையை எதிர்பார்த்து, அன்பளிப்பாக அல்ல.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா?

2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ‘பொருளாதாரப் புறக்கணிப்பு’ என்பதற்கு வரையறை தந்தது. ஒருவரோடு தொழில் செய்ய மறுப்பது மட்டுமல்ல. ஊதியத்துக்குச் சேவை வழங்கும் ஒப்பந்த வாய்ப்புகளை மறுப்பதும், வழக்கமான தொழில் நிபந்தனைகளின்படி நடக்க மறுப்பதும், இயல்பாக இருந்திருக்க வேண்டிய தொழில்முறை உறவிலிருந்து விலகுவதும் அவ்வரையறைக்குள் வருகின்றன. பிரிவு 3(1)(சட்சி) அத்தகைய புறக்கணிப்பைக் குற்றமாக்குகிறது. தொழிலோ வணிகமோ செய்யவிடாமல் தடுப்பதை வேறோர் உட்பிரிவு குற்றமாக்குகிறது. எதிர்த் தரப்பினர் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் என்றால், சாதியையும் அறிந்திருந்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்க 8ஆம் பிரிவு வழி செய்கிறது.

அம்பேத்கரின் ஆலோசனை நிறுவனத்துக்கு நேர்ந்ததை இந்த வரையறையோடு ஒப்பிட்டால், அவருக்கு நடந்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைக்க ஏறத்தாழ நூறாண்டு ஆனது என்பது விளங்கும்.

ஆனாலும், தேசூர் வழக்கில் நாங்கள் இச்சட்டத்தின்கீழ் புகார் கொடுக்கவில்லை. பொறியாளருக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. சாதி அறியப்பட்டது என்பதற்குச் சான்று இருந்தது. சாதியின் காரணமாகவே மறுக்கப்பட்டது என்பதற்கு ‘எந்தப் பக்கம்’ என்ற ஒரு கேள்வியைத் தவிர வேறு இல்லை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பது மட்டும் போதாது, அவமதிப்பு சாதியின் காரணமாக நிகழ்ந்திருக்க வேண்டும் என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மேலும், மற்ற மூன்று பொறியாளர்களின் வேலையும் அந்த வணிகர் பெறவில்லை. மேஸ்திரியை வைத்தே முடித்துக்கொண்டார். நிறுவ இயலாத புகார் ஒன்று தோற்றால், அடுத்து வரும் உண்மையான புகாரையும் அது பலவீனப்படுத்தும். பதிப்புரிமையையும் 70ஆம் பிரிவையும் சுட்டி அறிவிக்கை அனுப்பினோம்.

அவரைக் காப்பாற்றியது ஒரு வாட்ஸ்அப் செய்தி. “படம் கிடைத்தது, ரொம்ப நல்லா இருக்கு” என்று எதிர்த் தரப்பே எழுதியிருந்தது. சில வாரங்களில், தவறை ஒப்புக்கொள்ளாமல், வடிவமைப்புக் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகை வந்தது. அவர் கேட்டதைவிடக் குறைவு. சட்டப்படி கிடைத்திருக்கக்கூடியதைவிடவும் குறைவாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற இயலாத நிலையில் அவர் அதை ஏற்றார்.

செய்ய வேண்டியவை

விலைப்புள்ளி தரும் முன் சிலவற்றை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எந்தப் பணிக்காக, யார் கேட்டு, எந்த நாளில் தரப்படுகிறது என்ற மறைமுகக் கடிதத்தோடு விலைப்புள்ளியை இணையுங்கள். ஒவ்வொரு தாளிலும் பெயர், நாள், ‘அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது’ என்ற வரி ஆகியவை இருக்கட்டும். முதற்கட்டமாக ஓர் உருவரை மட்டும் தாருங்கள். விரிவான வரைபடத்துக்கும் மதிப்பீட்டுக்கும் தனிக் கட்டணம் கேளுங்கள். வேலை கிடைத்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். வாய்மொழியாகப் பேசியதை அன்றே ஒரு செய்தியாக எழுதி அனுப்புங்கள். பழைய கைபேசியை விற்றுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வழி தருகிறது.

தனிமனித எச்சரிக்கை மட்டும் போதாது. 2002 ஜனவரியில் போபால் பிரகடனம், அரசுக் கொள்முதலிலும் ஒப்பந்தங்களிலும் தலித்துகளுக்குரிய பங்கைக் கோரியது. ஒன்றிய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை, பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்கிறது. அந்த இலக்கு ஆண்டுதோறும் எட்டப்படாமலேயே இருந்துவருகிறது. கர்நாடகம் தன் கொள்முதல் சட்டத்தைத் திருத்தி, 50 லட்சம் ரூபாய் வரையிலான கட்டுமானப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கியது. பின்னர் உச்சவரம்பையும் உயர்த்தியது. கொள்கை அறிவிப்புக்கும் சட்டக் கடமைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரண்டும் காட்டுகின்றன. நம் கோரிக்கை சட்டமாகவே இருக்க வேண்டும். சாலை, பாலம் மட்டுமின்றி வடிவமைப்பு, தணிக்கை, சட்ட ஆலோசனை போன்ற தொழில்முறைச் சேவைகளும் அதில் இடம்பெற வேண்டும்.

இறுதியாக, நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. மாநாட்டுச் சுவரொட்டிக்கு மூன்று தோழர்களிடம் வடிவம் கேட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்குப் பதில்கூடச் சொல்லாமல் விட்டதில்லையா? ‘இயக்க வேலைதானே’ என்று ஒளிப்படக் கலைஞருக்கும் இளம் வழக்கறிஞருக்கும் போக்குவரத்துச் செலவைக்கூடத் தராமல் இருந்ததில்லையா? எங்கள் அலுவலகமும் இதைச் செய்திருக்கிறது. தேசூர் வழக்குக்குப் பிறகு, யாரிடம் எந்த வேலை கேட்டாலும் தொகையை முதலில் எழுதிக் கொடுக்கிறோம். தொகை இல்லையென்றால் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்கிறோம்.

அந்தப் பொறியாளர் இப்போது தம் வரைபடங்களின் வலது மூலையில் பெயரையும் ஊரையும் எழுதுகிறார். ‘எந்தப் பக்கம்’ என்று கேட்பவருக்கான விடையும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. விரிவான படம் வேண்டுமென்றால், கட்டணம் முதலில்.